வாசலில் நின்று சொல்ல ஓர் ஆள்

கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி கடலூரில் இல்லை. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், இரவு பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கிடக்கும் ஒருவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குப்பம் சாலையில் நின்று பார்க்க வேண்டும். "காலேஜ் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்பா" என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்வார். அந்தக் கல்லூரி சிதம்பரத்தில், அண்ணாமலைநகரில், ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1985-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் அது. கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் ஐம்பது நாட்களுக்கு மேல் போராடிய பிறகு, 2021 ஜனவரியில் மாநில அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை அதை எடுத்துக்கொண்டது. பலகையில் மாவட்டத்தின் பெயர் ஏறியது. மக்கள் வாயில் இன்னும் அது 'ராஜா முத்தையா'தான்.

பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். அவசரத்தில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது என்பது பெயரைப் பார்த்தா முடிவாக வேண்டும்? கடலூரிலிருந்து வடக்கே போனால் பாண்டி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் அங்கே ஜிப்மர் மருத்துவமனை இருப்பது ஊரின் மறுகோடியில், கோரிமேட்டில். தெற்கே போனால் சிதம்பரம். நடுவில், கண்ணெதிரே, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. சிதம்பரத்துக்காரர்களுக்கும் இதே குழப்பம் சிறிய அளவில் உண்டு: நகருக்குள் காமராஜர் அரசு மருத்துவமனை, ரயில் பாதைக்கு அப்பால் அண்ணாமலைநகர். எந்த நோய்க்கு எந்த வாசல் என்று இந்த மாவட்டத்து மக்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. உள்ளே போன பிறகு என்ன நடக்கும் என்றும் சொன்னதில்லை. அந்த இரண்டு மௌனங்களும் சேர்ந்து இங்கே உயிரைக் குடிக்கக் காத்திருக்கின்றன.

காத்திருக்கின்றன என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும், நடுவில் சிப்காட் ரசாயன ஆலைகள், குறுக்கே ரயில் பாதையும் நாகப்பட்டினம் நெடுஞ்சாலையும், தெற்கே காட்டுமன்னார்கோயில் வரை பாம்பு உலவும் வயல்கள். இத்தனையும் ஒரே மாவட்டத்தில் சேர்ந்திருப்பது தமிழ்நாட்டில் அரிது. 2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதம் ஆவதற்குள், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் மறுபடியும் வெடித்தது. அங்கேயே ஆறு பேர் இறந்தார்கள். உடல் வெந்தவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து வந்த நாட்களில் ஒவ்வொருவராக மரணச் செய்தி வந்தது. 2021 மே 13, கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் விபத்து; நான்கு பேர் இறந்தார்கள், பலர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனை வந்தார்கள். 2023 ஜூன் 19, மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதியபோது எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2025 ஜூலை 8 காலை, செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள்.

இந்த ஐந்து நாட்களிலும் அவசரப் பிரிவுக்குத் தேவைப்பட்டவை ஒன்றல்ல. தீக்காயத்துக்குத் தனி வார்டும், தோல் இழந்த உடலில் நீர் வற்றாமல் மணிக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் கைகளும் வேண்டும். பேருந்து விபத்துக்கு ஒரே நேரத்தில் எழுபது பேரைப் பார்த்து யார் முதலில் என்று நொடியில் முடிவெடுக்கும் ஒருவர் வேண்டும். ரசாயனத்துக்கு வேண்டியதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: முதலில் வேண்டியது தண்ணீர். மேலே ரசாயனம் பட்டு வருபவரை வாசலிலேயே நிறுத்தி, துணிகளைக் களைந்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே உள்ளே எடுத்துச் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் துணியிலிருந்து எழும் ஆவி செவிலியரையும் பக்கத்துக் கட்டில் நோயாளியையும் படுக்க வைத்துவிடும். இது தெரியாத குடும்பம் என்ன நினைக்கும்? "உள்ளே சேர்க்காமல் தெருவிலேயே நிறுத்தி அவமானப்படுத்துகிறார்கள்" என்று நினைக்கும். பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம், அடிதடிதான். ஆலையை ஒட்டிய குடிகாட்டிலும் பச்சையாங்குப்பத்திலும் வீட்டுக்கு வீடு போய் இந்த ஒரு செய்தியைச் சொல்லவும், கழுவும் இடத்துக்கு ஒரு தடுப்புத் துணியும் மாற்றுப் புடவையும் எடுத்து வைக்கவும் எவ்வளவு செலவாகிவிடும்?

சரி, உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு வருவோம்.

அவசரப் பிரிவில் வரிசை கிடையாது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற ரேஷன் கடை நியாயம் அங்கே செல்லாது. நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ஜான் லாரே, தளபதி என்றும் சிப்பாய் என்றும் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வைத்தியம் செய்யத் தொடங்கிய முறை அது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் இதற்கு நிறம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் இந்த நிமிடமே பார்க்காவிட்டால் உயிர் நிற்காது. மஞ்சள் என்றால் ஆபத்து உண்டு, கொஞ்சம் பொறுக்கும். பச்சை என்றால் வலி இருக்கும், ரத்தம்கூட வரும், ஆனாலும் காத்திருக்கலாம். உள்ளே நுழைந்ததும் ஒருவர் நாடியைப் பிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் கவ்வி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்து, இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார். 'பார்க்காமலே போகிறாரே' என்று தோன்றும். நிறம் குறித்துவிட்டுத்தான் போகிறார்.

நெற்றி கிழிந்து சட்டையெல்லாம் ரத்தமாக இருக்கும் இளைஞர் பச்சையாக இருக்கலாம். சத்தமே இல்லாமல் வெளிறிப்போய்ப் படுத்திருக்கும் பெரியவர் சிவப்பாக இருக்கலாம். கத்துகிறவர் மூச்சு விடுகிறார் என்பது மருத்துவர்களுக்கு நிம்மதி. சத்தம் போடாதவரைக் கண்டுதான் அவர்கள் ஓடுவார்கள். ஊர் உலகத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும், கத்துகிறவன் காரியம் முடியும். அந்தப் பழக்கத்தோடு அவசரப் பிரிவுக்குள் நுழைவதால்தான் பாதிச் சண்டை.

பாம்புக்கடியைப் போல இந்தத் தவறான புரிதலைக் காட்டுவது வேறில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவு வயலில் காலில் ஏதோ தீண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வண்டியில் ஏறி சிதம்பரம் வந்து சேர்கிறார்கள். மருத்துவர் ரத்தம் எடுத்து ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஓரமாக வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்கிறார். இருபது நிமிடம். ஊசி போடவில்லை. "உயிர் போய்க்கிட்டிருக்கு, நீங்க வேடிக்கை பாக்குறீங்களா?" என்று குரல் உயர்கிறது. அந்த இருபது நிமிடம்தான் வைத்தியம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாது. குழாயைச் சாய்த்துப் பார்க்கும்போது ரத்தம் தண்ணீர் போல ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே. உறைந்திருந்தால் மறுபடி பார்ப்பார்கள், ஒரு முழு நாள்கூட வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் மருந்தை ஏற்றிவிட முடியாது; குதிரையிலிருந்து எடுக்கப்படும் அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையால் உயிருக்கு ஆபத்தாகும். கட்டுவிரியன் கதை வேறு. இரவில் தூக்கத்தில் கடிக்கும், வலியே தெரியாது, விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார்கள், பிறகு இமை தொங்கும். "கண்ணைத் திறந்து பாருங்க, விரலைப் பாருங்க" என்று மருத்துவர் மறுபடி மறுபடி கேட்பது அதற்காகத்தான். பரங்கிப்பேட்டை, கிள்ளை மீனவர்கள் வலையில் சிக்கும் கடற்பாம்பு கடித்தால் நம் நாட்டில் தயாராகும் மருந்து வேலை செய்யாது. மூச்சுக்குழாய் போட்டு, சிறுநீரகத்தைக் காத்து, உடல் தானாக மீளும்வரை துணை நிற்பதுதான் வழி.

2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல காரியம். எத்தனை பேர் கடிபட்டார்கள் என்ற கணக்கு இனி அரசுக்குத் தெரியும். கடிபட்டவருக்கும் கூட வந்தவருக்கும் என்ன தெரியும் என்பதுதான் நம் கேள்வி. கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை என்பதைக் கூட இன்னும் ஆஸ்பத்திரி வாசலில்தான் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்கிறோம்.

விஷம் குடித்து வருபவர்கள் விஷயம் இன்னும் கொடுமை. சில எலி மருந்துகள் உள்ளே போனால் ஓரிரு நாள் ஆள் நன்றாகவே இருப்பார். சாப்பிடுவார், பேசுவார், "எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போலாம்" என்பார். கல்லீரல் அதற்குப் பிறகுதான் விழும். 'சொந்த விருப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப்போன குடும்பங்கள் மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடி வருகின்றன. கேஸ் ஆகிவிடும் என்ற பயமே பல பேரை அவசரப்படுத்துகிறது. 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்தப் பயம் இனி வேண்டாம். மருத்துவர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள். இப்படி மனம் உடைந்தவர் யாராவது வீட்டில் இருந்தால் 104-ஐ அழைத்துப் பேசலாம்.

நெஞ்சு வலிக்கு ஒன்று மட்டும் சொல்கிறோம். பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி நாற்பது கிலோமீட்டர் ஓடுவதற்கு முன், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்துங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் அங்கே மூன்று வகை மாத்திரைகள், மொத்தம் பதினான்கு, கையில் கொடுக்க வைத்திருக்கிறார்கள். அதை விழுங்கிவிட்டுப் பயணம் செய்வதும் விழுங்காமல் பயணம் செய்வதும் ஒன்றல்ல. வாய் கோணினால், ஒரு பக்கக் கை விழுந்தால் கணக்கு வேறு: தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் கூடப் போக வேண்டும். பணம் வைத்திருப்பவர் பிறகு வந்து சேரலாம்.

பணம் என்றதும் போலீஸும் கூட வரும். இரண்டையும் சேர்த்தே பேசிவிடலாம். ஒரு ஸ்கூட்டர்க்காரரைக் கார் மோதியது. தூக்கிக்கொண்டு போனவரிடம், இது போலீஸ் கேஸ், இருபது கிலோமீட்டர் தள்ளி வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். போகும் வழியில் உயிர் போனது. அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு தொடுக்கப்பட்ட பரமானந்த் கடாரா வழக்கில்தான், சட்ட நடைமுறை எதுவும் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியைப் பல அரசு மருத்துவமனைகள் கட்டில் இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், அது வாழும் உரிமையைப் பறிப்பது என்று கூறி அதே நீதிமன்றம் 1996-இல் இழப்பீடு கொடுக்க வைத்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் பணம் கிடையாது. எந்த மாநிலத்துக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்றிருந்தது பின்னர் இரண்டு லட்சமாகியது. தூக்கி வந்தவர் தன் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை; 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். சேர்க்கும்போது ஏ.ஆர். என்று ஒரு பதிவு போடுவார்கள், விபத்துப் பதிவேடு. எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். பதற்றத்தில், கூட வந்த யாரோ, "வண்டியிலேருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். பின்னால் வந்து மோதிய லாரி அந்த ஒரு வரியில் காணாமல் போய்விடும். இரண்டு வருடம் கழித்து இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அதே வரியை எடுத்து நீட்டுவார். கண்ணால் பார்த்தவர் சொல்லட்டும். பார்க்காதவர் தெரியாது என்று சொல்லட்டும். பிறகு ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் உள்ளே நடப்பவை. நம்மை உண்மையில் பதற வைப்பது வெளியே, இரண்டு ஆஸ்பத்திரிக்கு நடுவே நடப்பது. 'ரெஃபர் பண்ணிட்டாங்க' என்ற இரண்டு சொல்லை இந்த மாவட்டத்தில் கேட்காத குடும்பம் இருக்காது. விருத்தாசலம், திட்டக்குடி, சிதம்பரம், கடலூர், எங்கிருந்து புறப்பட்டாலும் சங்கிலியின் கடைசிக் கண்ணி பாண்டி. அது வேறு அரசு நடத்தும் ஊர். ஜிப்மர் மத்திய அரசுடையது. ஒரு மாவட்டத்தின் தலைமை மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் தம்மால் இயலாததை ஒரு பக்கத்து எல்லைக்குத் தள்ளிவிட்டு ஆறுதல் கொள்ள முடியாது. அவசர மருத்துவத்தை ஒரு தனிப் படிப்பாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றதே 2009-இல்தான். அந்தப் படிப்பு முடித்தவர்கள் எல்லாரும் பெருநகரத்தில் தங்கிவிட்டால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இரவுப் பணியில் யார் நிற்பது என்ற கேள்வியை அரசிடம் கேட்காமல் விட்டோம். நோயாளியை அனுப்புவதே தவறு என்று சொல்லவில்லை. மண்டை உடைந்தவரை நரம்பியல் அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் உயிர் ஊசலாடுகிறது.

அனுப்புகிற ஆஸ்பத்திரியிலிருந்து வாங்குகிற ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போயிருக்க வேண்டும். எத்தனை மணிக்கு வந்தார், என்ன மருந்து எத்தனை குப்பி ஏறியது, கடைசி ரத்த அழுத்தம் என்ன, எந்த எக்ஸ்ரே எடுத்தாயிற்று என்று ஒரு தாளில் படிக்கும்படி எழுதிக் கையில் கொடுத்திருக்க வேண்டும். பாம்புக்கடிக்கு முதல் தவணை மருந்து ஏற்றாமல் வண்டியில் ஏற்றக் கூடாது. குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: "அங்கே பேசியாச்சா டாக்டர்?" "என்ன குடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க." இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் எந்த ட்யூட்டி டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாற்றவும் 108 வரும் என்பதும் பலருக்குத் தெரியாது. வாடகை ஆம்புலன்ஸுக்குத் தாலியை அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவையில் ஓட்டுநரை 'பைலட்' என்றுதான் அழைக்கிறார்கள். அந்தப் பைலட்டிடம் "எங்களுக்குப் பழக்கமான ஆஸ்பத்திரிக்கே விடுங்க" என்று வழியில் சண்டை போடாதீர்கள். அருகில் எந்த இடத்தில் இதற்கு வசதி என்று பார்த்துத்தான் அவர் வண்டியைத் திருப்புகிறார்.

பார்வையாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருவர் அடிபட்டால் தெருவே திரண்டு வருவது நம் மண்ணின் குணம். அதைக் கேலி செய்ய மனம் வரவில்லை. பல உயிர்கள் அந்தத் தெருவின் தோளில்தான் ஆஸ்பத்திரி வந்து சேர்கின்றன. ஆனால் சிவப்புக் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே. அந்த ஒருவர் அழாதவராக, மருந்துச் சீட்டும் சாப்பிடும் மாத்திரையும் தெரிந்தவராக இருக்கட்டும். கைப்பேசியில் படம் எடுப்பவரை வெளியே அனுப்புங்கள். அடுத்த கட்டிலில் இருப்பது யாரோ ஒருவரின் அம்மா.

இந்தத் தலையங்கத்தை எழுதுகிறவரும் ஒரு நள்ளிரவில், ஏதோ ஓர் ஊரில், அப்படி ஒரு வாசலில் நின்றவர்தான். தாயாரை உள்ளே கொண்டுபோனார்கள், கதவைச் சாத்தினார்கள். இரண்டே கால் மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. சிகிச்சையில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த இரண்டே கால் மணி நேரத்தில், ட்யூட்டியில் இருந்த காவலாளியின் சட்டையைப் பிடிக்கக் கை எழுந்தது உண்மை. படித்தவன், பத்திரிகைக்காரன், சட்டம் தெரிந்தவன். 2008-இன் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டப்படி அந்தக் கைக்கு மூன்று முதல் பத்தாண்டு வரை சிறை என்பதும் தெரிந்தவன். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரைக் கத்தியால் குத்தியது மன்னிக்க முடியாத குற்றம். அதற்குப் பிறகு காவலர்களையும் கேமராக்களையும் கூட்டியது சரியே. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவனிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆளை நியமிப்பது பற்றித்தான் பேச்சே எழவில்லை.

காத்திருப்பு எங்கும் உண்டு. இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருபவரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை நாலு மணி நேரத்துக்குள் பார்த்து முடிப்பதை அரசே இலக்காக வைத்தது. 2015-க்குப் பிறகு அந்த இலக்கை அவர்களாலும் எட்ட முடியவில்லை. பணக்கார நாட்டுக்கே அப்படி என்றால் நாம் மருத்துவரை மட்டும் நொந்து பயனில்லை. அங்கே இலக்கு தவறினால் அந்தக் கணக்கு மாதாமாதம் ஊரறிய வெளியாகிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் வந்தவர் எத்தனை பேர், சிவப்பு எத்தனை, சராசரியாக எவ்வளவு நேரம், ரெஃபர் எத்தனை என்று மாவட்ட நிர்வாகம் மாதம் ஒருமுறை வெளியிடட்டும். மறைக்க ஒன்றும் இல்லையென்றால் தயக்கம் எதற்கு?

கேட்பது பெரிதில்லை. மூன்று ஷிப்டுக்கும் அவசரப் பிரிவு வாசலில் ஓர் ஆள். மருத்துவர் வேண்டாம், செவிலியரும் வேண்டாம், அவர்களே போதவில்லை. பொறுமையாகப் பேசத் தெரிந்த, நிறத்தின் அர்த்தம் தெரிந்த ஒருவர். அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து, "உங்க அப்பாவுக்கு ஈசிஜி எடுத்தாச்சு, ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வர முக்கால் மணி ஆகும், நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். இறந்த செய்தியை வராண்டாவில் நின்றபடி சொல்லாமல் ஓர் அறைக்குள் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். வரும்போதே உயிர் இல்லை என்றால் ஏன் பிரேதப் பரிசோதனை செய்தாக வேண்டும், உடல் எப்போது கிடைக்கும் என்று அந்தக் குடும்பத்துக்கு விளக்க வேண்டும். வாசல் சுவரில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ன என்று வயதானவர் கண்ணுக்கும் தெரியும் எழுத்தில், தமிழில், ஒரு பலகை. எந்த நோய்க்குக் கடலூர், எதற்குச் சிதம்பரம் என்று ஊராட்சி ஊராட்சியாக ஒரு துண்டறிக்கை. சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரியும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது உட்பட, ஓர் ஒத்திகை.

ஐப்பசி மழை பிடித்தால் வயலில் நீர் ஏறும், பாம்பு மேட்டுக்கு வரும், வீட்டுக்குள் வரும். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மார்கழியில் சிதம்பரத்தில் தேரும் தரிசனமும், நாலு வீதியும் தலை தெரியாத கூட்டம். மாவட்ட ஆட்சியரும் இரண்டு மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களும் மழைக்கு முன் ஒரே மேசையில் உட்கார்ந்து, அந்த வாசல் ஆளின் பணி ஆணையில் கையெழுத்திட்டுவிட்டு எழுந்திருக்கட்டும்.